மேட்ரிக்ஸ்: 120 கேமராவும் ஒரு கழுத்து ஆபரேஷனும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். காப்பி போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துக்குங்க. படம் பார்க்காதவங்க இன்னும் யாராச்சும் பாக்கி இருந்தா, கதை கீழே மொத்தமா உடைபடும். அப்புறம் பின்னூட்டத்துல வந்து திட்டக் கூடாது :-)

மேட்ரிக்ஸ் பத்தி எழுதறதுன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரே வழிதான். மாயாவாதம், ஆதிசங்கரர், பிளேட்டோவோட குகை, சிவப்பு மாத்திரை, நீல மாத்திரை. பாதி பதிவு படிக்கிறதுக்குள்ள நாம நிஜமா இருக்கோமா இல்லையான்னே சந்தேகம் வந்துடும். அதெல்லாம் நிறைய பேர் நிறைய எழுதியாச்சு, நல்லாவும் எழுதியாச்சு. நான் அந்தப் பக்கமே போகலை.

எனக்குப் பிடிச்சது அந்தப் படத்தை யார், எப்படி எடுத்தாங்க என்கிற வரலாறு. அதைத் தோண்டத் தோண்ட ஒரு வேடிக்கை கண்ணுல படுது. கம்ப்யூட்டர் மனுஷனை முழுங்கிடுச்சுன்னு கதை சொன்ன அந்தப் படம், முக்கால்வாசி மனுஷ உடம்பை நம்பி எடுத்த படம். வேர்வை, சுளுக்கு, ஆபரேஷன், கயிறு, கையால வரைஞ்ச படம், இதெல்லாம்தான் அதோட மூலப்பொருள். ஆனா அதே படத்துக்காகத் தேடிப் பிடிச்ச ஒரு வித்தை, நாலே வருஷத்துல நடிகனோட உடம்பே வேண்டாம்கிற இடத்துக்கு வந்து நின்னுச்சு.

கதையை ரெண்டு வரியில சொல்லிடறேன். தாமஸ் ஆண்டர்சன் பகல்ல சாஃப்ட்வேர் கம்பெனியில ஆணி பிடுங்குறவர் (நம்மள மாதிரியே). ராத்திரியில நியோங்கிற பேர்ல ஹேக்கர். அவர் வாழற உலகமே கம்ப்யூட்டர் ஓட்டுற ஒரு பொய். நிஜத்துல மனுஷங்க எல்லாரும் தொட்டிக்குள்ள படுத்துக் கிடக்காங்க, மெஷின்கள் அவங்க உடம்பு சூட்டை உறிஞ்சி கரண்ட் எடுக்குது, அவங்க சும்மா இருக்கறதுக்காக மூளைக்குள்ள 1999ஆம் வருஷத்தை ஓட்டிக் காட்டுது. மார்ஃபியஸும் டிரினிட்டியும் நியோவை எழுப்புறாங்க. ஏஜெண்ட் ஸ்மித் தடுக்கிறார். அவ்வளவுதான்.

(மனுஷனை பேட்டரியா வச்சுக்கிறது பிசிக்ஸ் படிச்சவங்களுக்கு வயித்தெரிச்சலைக் கிளப்புற விஷயம். நமக்குப் போடற சோத்துல இருக்கிற சக்தியை விட நம்மகிட்ட இருந்து கிடைக்கிற சக்தி கம்மி. நஷ்டக் கணக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.)

இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்ல. டேனியல் கலூயி என்கிற அமெரிக்க எழுத்தாளர் 1964லேயே 'சிமுலக்ரான்-3'ன்னு ஒரு நாவல் எழுதிட்டார். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊரையே உருவாக்கி, அதுக்குள்ள இருக்கிறவங்களை வச்சு மார்க்கெட் சர்வே எடுக்கிற கதை. அப்புறம் சர்வே எடுக்கிறவருக்கே, நாமளும் இன்னொருத்தர் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கோமோன்னு சந்தேகம் வரும். ஜெர்மன் டைரக்டர் ஃபாஸ்பிண்டர் 1973ல அதை டிவிக்காக ரெண்டு பாகமா எடுத்தார். 'வெல்ட் ஆம் டிராட்'. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்னு சொல்லிக்கிற மாதிரி அதுல ஒண்ணும் கிடையாது. எங்க பார்த்தாலும் கண்ணாடியா வச்சே தலை சுத்த வச்சிருப்பார். பிலிப் கே. டிக் 1977ல பிரான்ஸ்ல மெட்ஸ் நகரத்துக்குப் போய், நாம வாழறதே கம்ப்யூட்டர்ல எழுதின ஒரு நிஜம்தான்னு மேடையேறிப் பேசினார். கதையா இல்ல, சீரியஸாவே!

ஆக யோசனைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அதைப் பார்க்கிறவன் உடம்புல உறைக்கிற மாதிரி காட்டுறதுதான் கஷ்டமா இருந்தது.

வச்சௌஸ்கி சகோதரிகள் அந்த இடத்துலதான் வர்றாங்க. (படம் வந்தப்போ டைட்டில்ல 'பிரதர்ஸ்'னுதான் இருந்தது. லானா 2012லயும், லில்லி 2016லயும் தாங்கள் பெண்கள்னு வெளிப்படையா சொல்லிட்டாங்க. அதனால சகோதரிகள்னே எழுதறேன்.) அதுக்கு முன்னாடி அவங்க டைரக்ட் பண்ணது ஒரே ஒரு படம். 1996ல வந்த 'பவுண்ட்', சின்ன பட்ஜெட். அப்படிப்பட்டவங்களை நம்பி 6 கோடி டாலருக்கு மேல வார்னர் கம்பெனி எடுத்து வைக்கணும். கதையைப் படிச்ச யாருக்கும் புரியலை. ஜப்பான்காரர் மமோரு ஓஷீ 1995ல எடுத்த 'கோஸ்ட் இன் த ஷெல்' கார்ட்டூன் படத்தை புரொடியூசர் ஜோயல் சில்வருக்குப் போட்டுக் காட்டி, இதை நிஜ ஆளுங்களை வச்சு எடுக்கணும்னு சொன்னாங்களாம். அப்புறம் ஜெஃப் டாரோ, ஸ்டீவ் ஸ்க்ரோஸ்னு ரெண்டு காமிக்ஸ் ஓவியர்களைப் பிடிச்சு, மொத்தப் படத்தையும் ஷாட் ஷாட்டா வரைய வச்சாங்க. சுமார் 600 படம். கம்ப்யூட்டர் உலகத்தை விக்கிறதுக்கு பேப்பரும் பென்சிலும்!

செலவைக் குறைக்க ஷூட்டிங்கை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போனாங்க. 1998ல, சிட்னி ஃபாக்ஸ் ஸ்டுடியோவுல. அங்க அலெக்ஸ் ப்ரோயாஸ் 'டார்க் சிட்டி' படத்துக்காகப் போட்ட செட்டுகள் இருந்தது. அதுவும் பொய்யான ஊருக்குள்ள மாட்டிக்கிட்ட மனுஷங்க கதைதான். அந்த மொட்டை மாடி செட்டுகள்ல சிலதை வாங்கி, படத்தோட ஆரம்பத்துல டிரினிட்டி தாவித் தாவி ஓடற சீனுக்கு பயன்படுத்திக்கிட்டாங்க. ஒரு பொய் ஊரோட மாடியில இருந்து இன்னொரு பொய் ஊருக்குத் தாவுறாங்க!

சரி, சண்டைக்கு வருவோம். எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்ச மனுஷர் யூயென் வூ-பிங். ஹாங்காங் சண்டைப் பட உலகத்துல பெரிய தலை. 1978ல ஜாக்கி சானை வச்சு 'ஸ்நேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்'னு ஒரே வருஷத்துல ரெண்டு படம் டைரக்ட் பண்ணி அவரை ஸ்டார் ஆக்கினவர். ஜெட் லீயோட 'ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்' (1994) சண்டைகளைப் பார்த்துட்டுத்தான் வச்சௌஸ்கிகள் இவரைத் தேடிப் போனாங்க. மனுஷர் வரமாட்டேன்னுட்டார். விடாம கேட்டதும், இவங்களா ஓடிப் போகட்டும்னு ரெண்டு நிபந்தனை போட்டார். சண்டைக் காட்சி முழுக்க என் கையில இருக்கணும். நடிகர்கள் நாலு மாசம் முன்னாடியே வந்து என்கிட்ட கத்துக்கணும். எந்த ஹாலிவுட் ஸ்டார் நாலு மாசம் தருவாங்கன்னு அவர் கணக்கு. சரின்னு சொல்லிட்டாங்க!

1997 அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல பயிற்சி ஆரம்பம். கியானு ரீவ்ஸ் வந்து நிக்கிறார், கழுத்துல பட்டையோட. கழுத்தெலும்புல ரெண்டு வட்டு பிரச்சினையாகி, அப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சிருந்தது. கொஞ்ச நாளைக்கு கால் தூக்கி உதைக்கவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. குங்ஃபூ படத்து ஹீரோ உதைக்கக் கூடாது! யூயென் தலையில கை வைக்கலை. கை வித்தையை முன்னாடி வச்சு, கால் வேலையை பின்னாடி தள்ளி, சண்டையை அவர் உடம்புக்குத் தக்க மாதிரி தச்சார். அடுத்த தடவை படம் பார்க்கும்போது கவனிங்க, நியோ எவ்வளவு கையால அடிக்கிறார், எவ்வளவு கம்மியா உதைக்கிறார்னு. அந்த ஸ்டைலுக்குப் பின்னாடி ஒரு நோயாளியோட கேஸ் ஷீட் இருக்கு.

ஏஜெண்ட் ஸ்மித்தா நடிச்ச ஹியூகோ வீவிங்குக்கு பயிற்சியிலேயே இடுப்புல அடிபட்டு ஆபரேஷன். கேரி-ஆன் மாஸ் கணுக்காலைச் சுளுக்கிக்கிட்டார். யூயெனோட ஹாங்காங் குழு இவங்களைக் கம்பியில கட்டித் தொங்கவிட்டு மறுபடி மறுபடி சுவத்துல ஓட விட்டது. அதுவரைக்கும் ஹாலிவுட்ல சண்டைன்னா ஸ்டார் முகத்தை ஒரு குளோசப், டூப் முதுகை ஒரு லாங் ஷாட், நடுவுல நாலு வெட்டு. இங்க கேமராவைப் பின்னாடி தள்ளி வச்சு, முழு உடம்பையும் காட்டி, வெட்டாம காட்டினாங்க. நடிகரே பண்றார்னு தெரியறதுலதான் மொத்த சக்தியும் இருக்கு.

டூப்னு சொன்னதும் ஒருத்தரைப் பத்தி சொல்லாம நகர முடியாது. கியானுவுக்கு டூப் போட்டவர் சாட் ஸ்டஹல்ஸ்கி. பின்னாடி 2014ல 'ஜான் விக்' எடுத்த டைரக்டர் இவரேதான். ஆனா மேட்ரிக்ஸுக்கு முன்னாடி இவருக்கு இன்னொரு கதை இருக்கு. புரூஸ் லீயோட மகன் பிராண்டன் லீ, 'த க்ரோ' பட ஷூட்டிங்ல துப்பாக்கி விபத்துல இறந்தார் இல்லையா? பாக்கிக் காட்சிகள்ல அவருக்கு பதிலா நின்னவர்கள்ல ஒருத்தர், அவரோட நண்பரான இந்த சாட். சில ஷாட்டுகள்ல டூப் உடம்பு மேல பிராண்டன் முகத்தை கம்ப்யூட்டர்ல ஒட்டினாங்க. செத்துப் போன நடிகரோட முகம், உயிரோட இருக்கிற நண்பனோட உடம்பு. டைரக்டர் யாருன்னா, டார்க் சிட்டி எடுத்த அதே அலெக்ஸ் ப்ரோயாஸ். பிராண்டன் இறந்தது 1993 மார்ச் 31. மேட்ரிக்ஸ் அமெரிக்காவுல ரிலீஸ் ஆனது 1999 மார்ச் 31. இதுல மர்மம் எதுவும் இருக்குன்னு நான் சொல்ல வரலை, தேதி அப்படி விழுந்திருக்கு. ஆனா எழுதும்போது ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

இப்ப எல்லாரும் காத்திருந்த சமாச்சாரம். மொட்டை மாடி. ஏஜெண்ட் சுடறார், நியோ அப்படியே பின்னாடி வளையறார், தோட்டாக்கள் காத்துல கோடு போட்டுக்கிட்டு போகுது, கேமரா அவரைச் சுத்தி ஒரு வட்டம் அடிக்குது. புல்லட் டைம். நான் இதை முதல்ல பார்த்தது ஒரு தேய்ஞ்ச விசிடியில, ஹாஸ்டல் ரூம்ல. பதினாலு பேர் இருந்தோம், ஒரு பய மூச்சு விடலை. அப்புறம் ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணியே விசிடி பிளேயர் சூடாயிடுச்சு.

இதுக்குக் கொள்ளுத் தாத்தா ஒரு குதிரை. 1878 ஜூன், கலிஃபோர்னியா, பாலோ ஆல்டோ. ரயில்வே முதலாளியும் முன்னாள் கவர்னருமான லீலாண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு (பின்னாடி யுனிவர்சிட்டி கட்டினவர் இவர்தான்) ஒரு சந்தேகம். குதிரை பாய்ஞ்சு ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதா? மைபிரிட்ஜ் என்கிற போட்டோகிராஃபர் ஓடுபாதை ஓரமா 12 கேமராவை வரிசையா வச்சு, குறுக்கே நூல் கட்டினார். குதிரை நூலைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கேமராவா கிளிக் ஆச்சு. நாலு காலும் எழும்பத்தான் செய்யுது. ஓவியர்கள் வரைஞ்ச மாதிரி முன்னும் பின்னும் நீட்டிக்கிட்டு இல்ல, நாலும் வயித்துக்கு அடியில கூடி இருக்கும்போது. (இந்த மைபிரிட்ஜ் 1874ல பொண்டாட்டியோட காதலனைச் சுட்டுக் கொன்னுட்டு, அடுத்த வருஷம் ஜூரி விடுதலை பண்ணி வெளிய வந்த ஆள். அவரைப் பத்தி தனிப் பதிவே போடலாம்.)

மைபிரிட்ஜோட குதிரை ஓடுச்சு. கேமராக்கள் ஒவ்வொண்ணா கண் திறந்தது. இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டா? ஆளைச் சுத்தி கேமராக்களை வச்சு, எல்லாத்தையும் ஒரே கணத்துல தட்டிட்டு, அந்தப் படங்களை வரிசையா ஓட்டினா? காலம் உறைஞ்சு நிக்கும், பார்வை மட்டும் சுத்தி வரும். 1980கள்ல டிம் மேக்மில்லன் என்கிற பிரிட்டிஷ் கலைஞர் இதைப் பண்ணார். ஒரே ஃபிலிம் சுருளை வளைச்சு வச்சு, அதுக்கு நேரா வரிசையா துளை போட்டு, எல்லாத் துளையையும் ஒரே நேரத்துல திறந்தார். 1998ல, மேட்ரிக்ஸ் ஷூட்டிங் நடந்துக்கிட்டிருந்த அதே வருஷம், அவர் வச்ச ஒரு படைப்போட பேரு 'டெட் ஹார்ஸ்'. குதிரையை அடிச்சுக் கொல்ற இடத்துல, அது சாகிற கணத்தைச் சுத்தி வருது கேமரா. மைபிரிட்ஜ் குதிரை ஓடறதுல ஆரம்பிச்சார், இவர் குதிரை சாகறதுல கொண்டு வந்து நிறுத்தினார்.

நடுவுல பிரெஞ்சுக்காரர் மிஷேல் கோண்ட்ரி 1995ல ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோட ஒரு பாட்டு வீடியோவுல, வேற வேற கோணத்துல எடுத்த படங்களுக்கு நடுவுல இருந்த இடைவெளியை கம்ப்யூட்டரால நிரப்பி வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி பண்ணிட்டார். விளம்பரக்காரர்களும் பிடிச்சுக்கிட்டாங்க. அதனால புல்லட் டைமை மேட்ரிக்ஸ்தான் கண்டுபிடிச்சதுன்னு யாராச்சும் சொன்னா, பாதிதான் ஒத்துக்குவேன்.

மிச்சப் பாதி ஜான் கேட்டாவுக்குப் போகணும். படத்தோட எஃபெக்ட்ஸ் தலைவர். மேக்மில்லன் வித்தையில ஆள் சிலை மாதிரி உறைஞ்சு போயிடுவார். வச்சௌஸ்கிகளுக்கு அது போதலை. நியோ மெதுவா நகரணும், கேமரா வேகமா சுத்தணும். அதுக்கு கேட்டா குழு பச்சைத் திரைக்குள்ள சுமார் 120 ஸ்டில் கேமராக்களை வளைவா நட்டாங்க. ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு சினிமா கேமரா. எந்தக் கேமரா எங்க, எந்தப் பக்கம் பார்க்கணும்னு முன்னாடியே கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு லேசர் வச்சுக் குறி பார்த்து வச்சாங்க. ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு துளி இடைவெளியில கிளிக் ஆகும். இடைவெளியைக் கூட்டினா நியோ வேகமா நகருவார், குறைச்சா உறைவார். சினிமா விநாடிக்கு 24 படம். 120 படத்தை 24ஆல வகுத்தா வெறும் 5 விநாடி. அதை நீட்டறதுக்கு ரெண்டு படத்துக்கு நடுவுல இல்லாத படத்தை கம்ப்யூட்டர் ஊகிச்சுப் போட்டது.

இத்தனைக்கும் நடுவுல கியானு கம்பியில தொங்கிக்கிட்டு பின்னாடி வளையறார். ஆபரேஷன் பண்ண கழுத்தோட. அந்த வளைவு நிஜம்.

ஆனா பின்னாடி தெரியற ஊர் நிஜம் இல்ல. மக்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. வட்டமா கேமரா வச்சா எதிர்ப்பக்கக் கேமரா எல்லாம் படத்துல விழும். அதான் பச்சைத் திரை. அப்ப பின்னணி ஊரைத் தனியா செய்யணும். பெர்க்லி யுனிவர்சிட்டியில பால் டெபவெக் என்கிற ஆராய்ச்சியாளர் 1997ல ஒரு குறும்படம் காட்டினார். அந்த வளாகத்து மணிக்கூண்டைத் தரையில இருந்தும், ஒரு பட்டத்துல கேமராவைக் கட்டிப் பறக்க விட்டும் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோக்களை ஒரு முப்பரிமாண அச்சு மேல போர்த்தி, யாருமே பறக்காத பாதையில கேமராவைப் பறக்க விட்டிருந்தார். வரைஞ்ச மாதிரியே இல்ல, நிஜம் மாதிரியே இருந்தது. அந்தக் குழுவுல இருந்த ஜார்ஜ் போர்ஷுகோவ் மேட்ரிக்ஸுக்கு வேலைக்கு வந்தார். சிட்னி கட்டடங்களைப் போட்டோ எடுத்து அதே மாதிரி போர்த்தினாங்க. போட்டோவுல இருந்து ஒரு பொய் ஊரைச் செஞ்சாச்சு. அடுத்த கேள்வி தானா வரும் இல்லையா? ஊரைச் செய்ய முடியும்னா ஆளைச் செய்ய முடியாதா?

1999ல அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்ல. அதுக்கு அழகான சாட்சி, சிவப்பு கவுன் பொண்ணு வர்ற சீன். மார்ஃபியஸும் நியோவும் கூட்டத்துக்கு நடுவுல நடந்து போவாங்க. அது பயிற்சிக்காக மவுஸ் எழுதின புரோகிராம், அதனால ஒரே முகம் திரும்பத் திரும்ப வரணும். எப்படி எடுத்தாங்க தெரியுமா? சிட்னியில இருக்கிற ரெட்டைப் பிறவிகளைத் தேடிக் கூட்டிட்டு வந்து மார்ட்டின் பிளேஸ் தெருவுல நடக்க விட்டாங்க! காப்பி-பேஸ்ட் பண்ண மனுஷனைக் காட்டறதுக்கு அம்மா வயித்துலயே காப்பி ஆகி வந்தவங்களைப் பிடிச்சாங்க. எனக்கு மொத்தப் படத்துலயும் இதைவிடப் பிடிச்ச எஃபெக்ட் கிடையாது. அத்தனை ரெட்டையருக்கும் அன்னிக்கு வேலை.

2000 ஆஸ்கர்ல நாலு விருது. எடிட்டிங், சவுண்டுக்கு ரெண்டு, விஷுவல் எஃபெக்ட்ஸ். எஃபெக்ட்ஸ்ல தோத்தது யாருன்னா, ஸ்டார் வார்ஸ் முதல் எபிசோடு! முழுக்க டிஜிட்டல் ஜந்துக்களை இறக்கின ஜார்ஜ் லூகாஸை, கம்பியில தொங்கின மனுஷங்க ஜெயிச்சாங்க.

நாலு வருஷம் கழிச்சு, 2003 மே மாசம், 'ரீலோடட்'. அதுல ஒரு பூங்கா சண்டை. நியோ ஒருத்தர், ஏஜெண்ட் ஸ்மித் நூறு பேர். நூறு ஹியூகோ வீவிங்குக்கு எங்க போறது? ரெட்டையர் கதை இங்க உதவாது. கேட்டாவும் போர்ஷுகோவும் கிம் லிப்ரேரியும் சேர்ந்து, நடிகரை உக்கார வச்சு அஞ்சு ஹெச்டி கேமராவால முகத்தோட ஒவ்வொரு சுருக்கத்தையும் பதிவு பண்ணி, கம்ப்யூட்டர் முகமாவே மாத்திட்டாங்க. மணிக்கூண்டுக்குப் பண்ணதை முகத்துக்குப் பண்ணாங்க. சண்டை யூயென் ஆளுங்க நிஜமாவே போட்டு ஆரம்பிக்கும். நடுவுல எங்கயோ கியானு காணாமப் போய், கியானு மாதிரி ஒண்ணு சண்டை போடும்.

அது தெரிஞ்சுடுது. அதுதான் சோகம். கோட் துணி ரப்பர் மாதிரி ஆடும், உடம்புல எடை இருக்காது, அடி விழுந்தா வலிக்காது. வீடியோ கேம்ல யாரோ ஜாய்ஸ்டிக்கை ஆட்டற மாதிரி. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான், மறுக்கலை. ஆனா நான் டிவிடியில அந்த இடம் வந்தா ஓட்டி விட்டுடுவேன். அதே படத்துல கார் துரத்தல் வரும் பாருங்க, அதை ஓட்ட மனசு வராது. அதுக்கு அலமேடாவுல மூடிப் போட்ட கடற்படை விமானத் தளத்துல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நிஜ ரோடு போட்டாங்க. எதிர்த்து வர்ற வண்டிகளுக்கு நடுவுல டிரினிட்டிக்காக பைக் ஓட்டினது டெபி எவன்ஸ் என்கிற ஸ்டண்ட் பெண்மணி. ஒரே படம், ஒரே வருஷம். ரோடு அப்படியே இருக்கு, நூறு ஸ்மித்துக்கு வயசாயிடுச்சு.

இதே கதை நம்ம ஊர்லயும் ஒரு சுத்து ஓடியிருக்கு. 2003லதான் ஷங்கரோட 'பாய்ஸ்' படத்துல ஒரு பாட்டுக்காக வரிசையா கேமரா வச்சு காலத்தை உறைய வச்சாங்க. 2010ல 'எந்திரன்' சண்டைகளுக்கு சென்னைக்காரங்க கூட்டிட்டு வந்தது சாட்சாத் யூயென் வூ-பிங்கையே. அதுலயும் கிளைமாக்ஸ்ல நூத்துக்கணக்குல சிட்டி, பந்தாகவும் பாம்பாகவும் கோத்துக்கிட்டு! ஆனா நமக்கு அது உறுத்தலை. ஏன்னா கதைப்படி அது ரோபோ. எடையே இல்லாம பறந்தாலும் மன்னிச்சுடலாம், ரஜினி வேற. நியோ மனுஷன், அதான் வித்தியாசம்.

மேட்ரிக்ஸ்ல நியோ திருட்டு டிஸ்குகளை ஒளிச்சு வைக்கிற குடைஞ்ச புத்தகம் ஞாபகம் இருக்கா? பிரெஞ்சு சிந்தனையாளர் பாட்ரியாரோட 'சிமுலக்ரா அண்ட் சிமுலேஷன்'. புத்தகத்தை எழுதினவர்கிட்டயே 2003ல ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை படத்தைப் பத்திக் கேட்டுச்சு. மனுஷர் கொஞ்சமும் குளிரலை. என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னார். மேட்ரிக்ஸைப் பத்தி மேட்ரிக்ஸே ஒரு படம் எடுத்தா இப்படித்தான் எடுக்கும்கிற மாதிரி ஒரு குத்து வேற. முதல் படத்துக்கு அது அநியாயம்னு நினைக்கிறேன். நூறு ஸ்மித் சண்டைக்கு... சரி, விடுங்க.

ஆனா வித்தை நிக்கலை. 2021 டிசம்பர்ல எபிக் கம்பெனி 'மேட்ரிக்ஸ் அவேக்கன்ஸ்'னு ஒரு டெமோ விட்டது. டிஜிட்டல் கியானுவும் டிஜிட்டல் கேரி-ஆன் மாஸும், வீட்டு கேம் மெஷின்ல அந்த நேரத்துலயே உருவாகி ஓடறாங்க. அப்ப எபிக்ல தொழில்நுட்பத் தலைவர் யாருன்னா, நூறு ஸ்மித்தைச் செஞ்ச அதே கிம் லிப்ரேரி. நிஜ கியானு எது, செஞ்ச கியானு எதுன்னு சில இடத்துல என்னால சொல்ல முடியலை.

அதே மாசம் லானா மட்டும் தனியா எடுத்த நாலாவது படம் 'ரிசரெக்‌ஷன்ஸ்' வந்தது. அந்தப் படம் சுமார்தான், அடிக்க வராதீங்க. ஆனா அதுல ஒரு இடம். நியோவும் டிரினிட்டியும் கைகோத்துக்கிட்டு மாடியில இருந்து குதிப்பாங்க. டிஜிட்டல் டூப் தயாரா இருக்கிற காலம். ஐம்பது வயசு தாண்டின ரெண்டு நடிகர்கள். லானா அவங்களை சான்ஃபிரான்சிஸ்கோவுல நாப்பது மாடிக்கு மேல இருக்கிற கட்டடத்து உச்சியில நிக்க வச்சு, விடியற வெளிச்சம் நிஜமா முகத்துல விழணும்னு, கம்பி கட்டி நிஜமாவே குதிக்க வச்சார். ஒரு தடவை இல்ல, 19, 20 தடவை குதிச்சோம்னு கியானு சொல்லியிருக்கார்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2023 ஜூலை 14, ஹாலிவுட் நடிகர் சங்கம் ஸ்ட்ரைக்ல இறங்குச்சு. 118 நாள், நவம்பர் 9 வரைக்கும். சம்பளம், ஓடிடி பங்குன்னு நிறைய பிரச்சினை. அதுல ஒண்ணு, கூட்டத்துல நிக்கிற துணை நடிகர்களோட உடம்பு. ஒரு நாள் சம்பளம் குடுத்து ஆளை ஸ்கேன் பண்ணிட்டு, அந்த உருவத்தைக் காலத்துக்கும் வச்சுப் பயன்படுத்திக்க தயாரிப்பாளர்கள் கேக்கறாங்கன்னு சங்கம் சொல்லுச்சு. நாங்க அப்படிக் கேக்கலைன்னு தயாரிப்பாளர்கள் மறுத்தாங்க. கடைசியில வந்த ஒப்பந்தத்துல, டிஜிட்டல் நகல் எடுக்கறதுக்கு சம்மதமும் கூலியும் வேணும்னு விதி சேர்ந்தது.

மார்ட்டின் பிளேஸ்ல நடந்த ரெட்டையரை இப்ப நினைச்சுப் பாருங்க. இன்னிக்கு ஒருத்தரை ஸ்கேன் பண்ணா தெரு முழுக்க அவரே நடப்பார். அம்மாவுக்கு ஒரே புள்ளையா இருந்தாலும் பரவாயில்ல.

அதனாலதான் அந்த பேட்டரி சமாச்சாரத்தை ஞாபகத்துல வச்சுக்கச் சொன்னேன். வச்சௌஸ்கிகளோட மெஷின்கள் மனுஷங்கிட்ட உடம்புச் சூட்டைக் கேட்டது, நஷ்டக் கணக்கு. நிஜத்துல வந்த மெஷின்களுக்கு நம்ம சூடு தேவைப்படலை. முகம் போதுமா இருந்தது, குரல் போதுமா இருந்தது. அது லாபக் கணக்கு.

கியானு இதை முன்னாடியே மோப்பம் பிடிச்சவர். அவர் ஆரம்ப காலத்துல நடிச்ச ஒரு படத்துல, அவரைக் கேக்காமலே முகத்துல ஒரு சொட்டு கண்ணீரை கம்ப்யூட்டர்ல சேர்த்துட்டாங்களாம். நான் அழவே இல்லையேன்னு மனுஷருக்கு ஒரே வருத்தம். அதுல இருந்து, என் நடிப்புல டிஜிட்டலா கை வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து போட ஆரம்பிச்சதா 2023ல ஒரு பேட்டியில சொன்னார்.

பி.கு: பச்சை எழுத்து மழை. அதை வடிவமைச்சவர் சைமன் வைட்லி. திருப்பிப் போட்ட ஜப்பானிய கட்டகானா எழுத்துக்கள்தான் அதுல பெரும்பாலும். அந்த எழுத்துக்களை எங்கிருந்து எடுத்தீங்கன்னு 2017ல ஒரு பேட்டியில கேட்டதுக்கு, ஜப்பானியரான தன் மனைவியோட சமையல் புத்தகத்துல இருந்துன்னார். சுஷி செய்முறையாம்.